முதலில் கண், பிறகு தொலைநோக்கி



பிள்ளைகளுக்காகத் தொலைநோக்கி வாங்கும் சிலர், “படத்தில் உள்ளதுபோல் ஒன்றும் தெரியவில்லையே” என்று இரண்டே நாளில் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். குறை கருவியில் இல்லை, நம் அவசரத்தில் இருக்கிறது.

அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற அறிஞர் கி.பி. 964 வாக்கில் எழுதிய நட்சத்திர நூலில், சிறு மேகம் போன்ற ஒன்றைக் குறித்து வைத்தார்கள். அதுதான் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள். தொலைநோக்கி வந்ததோ அதற்கு 600 ஆண்டுகளுக்கும் பிறகு! அவர்களிடம் இருந்தவை வெறும் கண்களும் பொறுமையும்தான்.

ஆகவே டிசம்பர், ஜனவரி இரவுகளில் இஷா தொழுதபின் கொல்லைப்புற விளக்கை அணையுங்கள். செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். கார்த்திகைக் கூட்டத்தைத் தேடுங்கள். அரபியில் அது ‘ஸுரையா’. அதன் பின்னால் சிவந்து வருவது ரோகிணி. அரபியர் அதற்கு ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது, என்று பெயரிட்டார்கள். உலகம் இன்றும் அதை அல்டெபரான் என்றே அழைக்கிறது.

இனி தொலைநோக்கியைக் குறைந்த உருப்பெருக்கத்தில் கார்த்திகைக்குத் திருப்புங்கள். ஆறேழாகத் தெரிந்தவை பல பத்தாகப் பெருகும். நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளையின் வாயிலிருந்து ‘சுப்ஹானல்லாஹ்’ தானாக வரட்டும்.