சுவரோடு ஒட்டி நின்று சொம்பை எடுக்க முடியுமா?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு போட்டி வைத்தோம். முதுகும் குதிகாலும் சுவரை ஒட்டியபடி நிற்கணும். காலுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி ஒரு சொம்பு. முழங்காலை மடக்காமல், காலை நகர்த்தாமல் குனிந்து அதை எடுக்கணும். அவ்வளவுதான். "இதென்ன பெரிய வேலையா?" என்று வந்தவர்கள் ஒருத்தர்கூட எடுக்கவில்லை. குனிந்த உடனே உடம்பு முன்னால் சாய்ந்துவிடுகிறது. நாற்று நட்டு, களை பறித்து, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற நமக்கே இந்தக் கதி!

காரணம் இதுதான். நாம் குனியும்போது தலையும் நெஞ்சும் முன்னால் போகின்றன. அதற்கு ஈடாக இடுப்பு பின்னால் போகணும், தராசுத் தட்டு மாதிரி. சுவர் இருப்பதால் இடுப்பு போக இடமில்லை. மற்ற நேரங்களில் இந்த வேலையை நமக்குத் தெரியாமலே மூளை செய்துவிடுகிறது. "இடுப்பே, கொஞ்சம் பின்னால் போ" என்று நாம் என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா?

இதில் பெரிய அதிசயம், மூளை இதை முன்கூட்டியே செய்வதுதான். 1967-இல் சோவியத் நாட்டு விஞ்ஞானிகள் ஒன்றைக் கவனித்தார்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவர் கையைச் சட்டென்று முன்னால் தூக்கும்போது, கைத்தசை இறுகுவதற்கு ஒரு கண நேரம் முன்பே காலின் பின்பக்கத் தசை இறுகிவிடுகிறது. கை தூக்கினால் உடம்பு ஆடும் என்று மூளைக்குத் தெரியும். அதனால் முதலில் காலைத் தயார் பண்ணிவிட்டு, அப்புறம்தான் கைக்கு உத்தரவு போடுகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையை மேல் நோக்கி நீட்டி, அதில் ஒரு செங்கல்லை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் அதைச் சட்டென்று எடுக்கட்டும். உங்கள் கை 'விருட்'டென்று மேலே எழும்பும். இப்போது அதே கல்லை உங்களுடைய இன்னொரு கையாலேயே எடுங்கள். கை அசையாமல் அப்படியே நிற்கும். எடுக்கப் போவது நம்ம கை என்றால் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அடுத்தவர் கை என்றால், நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாலும்கூட அத்தனை துல்லியமாகக் கணக்குப் போட முடிவதில்லை. தலைச்சுமையை ஒருத்தர் இறக்கிவிடும்போது "பிடிச்சுக்கோ, இறக்கப் போறேன்" என்று குரல் கொடுப்பது நல்ல வழக்கம்தான்.

கணக்கு தப்பிப்போவதும் உண்டு. நிறைகுடம் என்று நினைத்துத் தூக்குகிறோம், காலிக் குடம். ஆளே பின்னால் சாய்கிறோம். இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைக்கிறோம், படி முடிந்துவிட்டது, நெஞ்சு திக்கென்கிறது.

சரி, மூளைக்கு இந்தக் கணக்குப் போடத் தகவல் தருவது யார்? மூன்று பேர். ஒன்று, கண். இரண்டாவது, காதுக்குள்ளே ஆழத்தில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றை ஒட்டிய சிறு பைகளும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று இவை சொல்கின்றன. மூன்றாவது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு. இவற்றைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில் பெரிய பங்கு பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கு உண்டு. மூன்றில் ஒன்று படுத்துக்கொண்டால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு படுத்துக்கொண்டால்தான் ஆபத்து.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மாமியாருக்கு நடந்தது இதுதான். கொல்லைப்புறத்தில் நின்று முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. "வயசாச்சு, விழத்தான் செய்வாங்க" என்றார்கள் சிலர். "கண்ணு பட்டுடுச்சு" என்றார்கள் சிலர். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது, செருப்பு கழன்றால்கூடத் தெரியாதாம். பாதம் சொல்லாததைக் கண் சொல்லி இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். சோப்புக்காகக் கண்ணை மூடினார், கையில் இருந்த ஒரே பிடியும் போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ரோம்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். காலைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லும் பரிசோதனை இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. அந்த மருமகள் மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை, தவணையும் நின்றது. வெறும் வயசு என்று நாம் தள்ளிவிட்டது எவ்வளவு தப்பு!

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறந்துபோகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களே இதில் அதிகம்.

அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேளுங்கள்: பாதம் மரத்துப்போகிறதா? மெத்தையில் நடப்பது போல் இருக்கிறதா? ஆம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கணும். பி12 சத்துக் குறைவாலும் இப்படி வரும், அதற்கு மருந்து உண்டு. படுக்கையில் புரண்டால் மட்டும் தலை சுற்றுகிறதா? காதுக்குள் இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைச் சில கோணங்களில் திருப்பியே மருத்துவர் இதைச் சரிசெய்வார். நாமாகத் திருப்பிப் பார்க்கக் கூடாது. எழுந்து நின்றதும் கண் இருட்டினால் பிரஷர் மாத்திரையும் காரணமாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முகம் கழுவுகிற இடத்தில் உட்கார ஒரு முக்காலி, இல்லையென்றால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு. இதற்குப் பெரிய செலவில்லை.

மூளையின் இந்தக் கணக்கு பழகப் பழகத் தேறும். தத்தித் தத்தி நடந்த குழந்தை ஓடுவது அப்படித்தானே? தினமும் சுவர் ஓரமாக, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கணும், கண் திறந்தே இருக்கணும். அந்த மாமியாரும் இப்போது மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடக்கிறார்.