ஏழு மணி வகுப்புக்கு ஏன் ஆளே வருவதில்லை?

கேள்வி: தொலைநிலைக் கல்வி மையம் ஒன்றில் பி.காம். மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். மாலை ஏழு மணிக்கு ஜூமில் வகுப்பு வைத்தால் நாலைந்து பேர் வருகிறார்கள். அவர்களும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். இணையதளத்தில் பாடங்களும் கலந்துரையாடல் பகுதியும் இருந்தும் எட்டிப் பார்ப்பாரில்லை. ஆனால் அவர்களாகவே வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, நள்ளிரவு வரை பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இவர்களுக்கு டிஜிட்டல் கல்வி பிடிக்கவில்லையா, படிப்பிலேயே அக்கறை இல்லையா?

– கல்வி ஆலோசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: நள்ளிரவில் போனில் வினாத்தாள் தேடுகிறவருக்கு டிஜிட்டலும் பிடிக்கிறது, படிப்பிலும் அக்கறை இருக்கிறது. அவர்களுக்கு ஒத்துவராதது அந்த ஏழு மணி.

குறித்த நேரத்தில் ஓரிடத்தில் உட்கார முடியாது என்பதால்தானே ஒருவர் தொலைநிலைப் படிப்பில் சேர்கிறார்? ஏழு மணி என்பது ஜவுளிக்கடை ஊழியருக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். வீட்டில் குழந்தைகள் இருக்கும் பெண்ணுக்கு அடுப்படி நேரம். ஒற்றை அறை வீட்டில் கேமராவைப் போட்டால் குடும்பமே வகுப்பில் தெரியும். அதை அணைத்ததற்காக யாரையும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது ஜூமோடு வந்த சிக்கலும் இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் பாடங்களைத் தொடங்கியபோது பிபிசி ஒளிபரப்புதான் அதன் பெருமை. போகப்போக அந்த நிகழ்ச்சிகள் விடிகாலைக்கும் பின்னிரவுக்கும் தள்ளப்பட்டன. வீட்டுக்கு வீடியோ ரெக்கார்டர் வந்ததும் மாணவர்கள் பதிவுசெய்து வைத்து, ஒழிந்த நேரத்தில் பார்த்தார்கள். பின்னிரவுப் பாட ஒளிபரப்பு 2006-ல் நின்றேபோனது.

கலந்துரையாடல் பகுதி ஏன் காலியாகக் கிடக்கிறது என்பது வேறு கதை. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ், மக்கள் கணினிக் கருவிகளை ஏற்பதும் மறுப்பதும் ஏன் என்று ஆராய்ந்து 1989-ல் எழுதினார். கருவி எளிதாக இருக்கிறதா என்பதைவிட, தம் வேலைக்கு உதவுகிறதா என்பதையே அவர்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. உங்கள் மாணவரின் வேலை எது? உதாரணத்துக்கு, இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) பல படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். இரண்டையும் கையால் எழுத வேண்டும். பாடம் திரையில், மதிப்பெண் பேனாவில் என்று வைத்துவிட்டு, மாணவர் திரைக்கு வரவில்லையே என்று வருத்தப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் இப்படி வைத்தீர்கள் என்று பல்கலைக்கழகத்திடம்தான் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கிடைக்கும் பழைய வினாத்தாளோ நேராகத் தேர்வுக்கு உதவுகிறது.

அதற்காக அந்தக் குழுவைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தப்பான தேர்வுத் தேதி ஒன்று அங்கே அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் பரவிவிடும். ஒருவர் எழுதிய விடையை இருபது பேர் அப்படியே நகலெடுப்பதும் அங்கேதான் நடக்கிறது. நீங்கள் அதில் சேர வேண்டியதில்லை, மாணவர்களுக்குப் புலம்பவும் ஓர் இடம் வேண்டும். குழுவை நடத்தும் மாணவர் வழியாகப் பாடத்தை உள்ளே அனுப்புங்கள்.

ஒரு மணி நேர வகுப்பைப் பத்துப் பத்து நிமிட ஒலிப்பதிவுகளாக்குங்கள். வீடியோவைவிட டேட்டா குறைவு, பேருந்தில் நின்றபடியும் கேட்கலாம். ‘அப்புறம் கேட்கலாம்’ என்று சேர்த்துவைத்துக் கேட்காமலே விடுவார்கள் என்று சொல்வீர்கள், உண்மைதான். அதனால் ஒவ்வொரு பதிவும் ஓர் அசைன்மென்ட் கேள்வியில் தொடங்கட்டும். தலைப்பில் பாடப் புத்தகத்தின் அலகு எண்ணைப் போடுங்கள், தேடுவதற்கு அதுதான் கைகொடுக்கும்.

நேரலை வகுப்பை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வருகிற அந்த நாலைந்து பேர், வாய்விட்டுக் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்றுதான் வருகிறார்கள். தேர்வு நெருங்கும் வாரங்களில் சந்தேகம் கேட்க மட்டும் ஒரு மணி நேரம் வையுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.