பாப்பாநாயுடுபேட்டையின் கண்ணாடி மணிகள்

திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் இடையே ஏர்ப்பேடு மண்டலத்தில் அமைந்துள்ள சிற்றூர் பாப்பாநாயுடுபேட்டை. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது உள்ளது. திருத்தலங்களைத் தேடி வருவோருள் இவ்வூரை அறிந்தவர் சிலரே. தொல்லியல் அறிஞர்களோ இதன் பெயரை நன்கு அறிவர். கண்ணாடியைக் குழலாக இழுத்து மணி செய்யும் பழந்தொழில், பிற இடங்களில் மறைந்த பின்னரும் இங்கு நிலைத்திருந்தது.

கழுத்தணியில் கோக்கப்படும் சிறு மணி ஒருவர் கைப்பட உருவாவதன்று. உலையில் உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் திரட்டுவோர் சிலர். அத்திரளை உருட்டிக் கூம்பாக்கி, குழாயின் வழியே கம்பியைச் செலுத்தி உள்ளே துளை உண்டாக்குவர். பின்னர் அக்கூம்பு மீண்டும் உலைக்குள் வைக்கப்படும். உலையின் மறுபுறத்தில் அமர்ந்திருக்கும் தலைமைத் தொழிலாளி, கொக்கியால் கூம்பின் முனையைப் பற்றி வெளியே இழுப்பார். கூம்பு நூல்போல் நீண்டு வரும். அதனுள் இருந்த துளையும் உடன் நீளும். இழுக்கும் வேகமே குழலின் பருமனை முடிவு செய்யும். அளவுகோல் எதுவும் இல்லை. கையும் கண்ணுமே அளவு. சற்றுத் தாமதித்தால் குழல் தடிக்கும், விரைந்தால் அறும்.

இழுத்த குழல்கள் கத்தி முனையில் சிறு துண்டுகளாக நறுக்கப்படும். வெட்டிய விளிம்புகள் கூர்மையாக இருப்பதால் அவற்றை மீண்டும் சூடாக்க வேண்டும். அப்போது துளை அடைபடாதிருக்கச் சாம்பல் சேர்க்கப்படுகிறது. எளிய சாம்பலுக்கு இத்தொழிலில் எத்துணை இன்றியமையாத இடம்! விளிம்பு மழுங்கிய மணிகளைச் சலித்துப் பிரித்துக் கோப்பது இறுதிப் பணி. மாலையின் அழகைப் புகழ்வோர் பெரும்பாலும் கோத்த கையையே நினைப்பர். உலையின் முன் வெந்த கைகள் அவர் நினைவுக்கு வருவதில்லை.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அரிக்கமேட்டில் மணிகளோடு உடைந்த குழல்களும் கண்ணாடிக் கழிவுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவை எவ்வாறு உண்டாயின என்பதை மண் சொல்லவில்லை. பாப்பாநாயுடுபேட்டையின் உலைகளைக் கண்ட பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க மணி ஆய்வாளர், அங்கு எஞ்சும் கழிவுகளை அரிக்கமேட்டுக் கழிவுகளோடு ஒப்பிட்டார். தொழிலாளரின் செயல்முறை, பழங்குப்பைக்கு உரையாயிற்று. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கும் இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவரும் அவரே. எழுத்தறிந்த ஆய்வாளரும் உலையறிந்த தொழிலாளரும் சேர்ந்தே இவ்வுண்மையைக் கண்டனர் எனல் பொருந்தும்.

செக் நாட்டிலும் ஜப்பானிலும் இயந்திரங்கள் செய்யும் மணிகள் ஒரே அளவின. அணி வடிவமைப்போர் பலர் அவற்றையே நாடுகின்றனர். கைம்மணியோ ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது. வாங்குவோர் குறைந்தால் உலையை எரிய வைப்பது அரிது. இங்கு ஒருவர் மட்டும் தனித்துத் தொழில் செய்ய இயலாது. திரட்டுவோர் இருந்து இழுப்பவர் இல்லையெனில் அன்றைய உலை வீணே. இழுக்கும் கை அறிந்தது எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. கற்பவர் அந்த உலையின் அருகிலேயே பல ஆண்டுகள் இருந்தாக வேண்டும்.

சொற்பொருள்
திரள் – உருண்டு சேர்ந்த பொருள்; அறும் – முறியும்; உரை – விளக்கம்

பயிற்சி
1. மணிகளைச் சூடாக்கும்போது சாம்பல் சேர்ப்பது ஏன்?
2. 'தொழிலாளரின் செயல்முறை, பழங்குப்பைக்கு உரையாயிற்று' – விளக்குக.
3. உங்கள் ஊரில் பலர் கூடிச் செய்யும் கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.