அரையர் அபிநயமும் மாணவன் நோக்கும்

மார்கழியை ஒட்டி நிகழும் அத்யயன உற்சவத்தைச் சேவிக்க வரும் அன்பர்களுள் பலர், கூம்பிய குல்லாயும் கையில் தாளமுமாக எம்பெருமான் திருமுன்பு நிற்கும் அரையரைக் கண்டு கைகூப்புவர். சிறிது நேரம் கேட்பர். பொருள் விளங்கவில்லை என்று அகன்றுவிடுவர். இதற்குக் காரணம் கலையின் கடுமையன்று. அதனைக் காணும் பயிற்சி இன்மையே.

அரையர் சேவை வெறும் பாட்டன்று, வெறும் கூத்துமன்று. பாசுரத்தை இசையோடு பாடுதல், சொற்களுக்கு அபிநயம் காட்டுதல், தம்பிரான்படி என வழங்கும் வியாக்கியானத்தைச் சொல்லுதல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். ஒரே தொடர் மீண்டும் மீண்டும் பாடப்படும். கைகளோ ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளைக் காட்டும். புதியவருக்கு இது கூறியது கூறலாகத் தோன்றும். மாணவனோ அந்த வேறுபாட்டைத்தான் எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

இதற்குப் பூருவர்கள் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கண்ணன் அப்பூச்சி காட்டி ஆயர் சிறுவரை அச்சுறுத்துவதாகப் பெரியாழ்வார் அருளிய பதிகத்தை, எம்பெருமானார் கோஷ்டியில் அரையர் ஒருவர் அபிநயித்தார். சிறுவர் விளையாட்டில் அப்பூச்சி என்பது கண்ணிமைகளை மடித்துக் காட்டுதல். அவரும் அவ்வாறே செய்தார். பின்னால் எழுந்தருளியிருந்த எம்பார், தம் இரு கைகளையும் தோளளவாக உயர்த்திச் சங்கும் சக்கரமும் ஏந்திய பாவனையைச் சைகையால் உணர்த்தினார். அரையர் அதனைக் குறிப்பால் அறிந்து, மறுமுறை பாடும்போது அப்படியே காட்டினார். இக்கருத்து எம்பாருடையதாகவே இருக்கவேண்டும் என்று உடையவர் உடனே கண்டுகொண்டாராம்.

முதல் அபிநயம் பிழையானதா? இல்லை. சொல்லின் வழக்குப் பொருளுக்கு அது முற்றும் பொருந்தும். ஆயினும் அப்பாசுரத்தின் தொடக்கமே இடக்கையில் சங்கேந்தியவனைப் பேசுகிறது. இரண்டு தோள்களோடு கூடி விளையாடிய தோழன் திடீரென நான்கு தோள்களோடு ஆழியும் சங்குமாக நின்றால் ஆயர் சிறுவர் அஞ்சாமல் என் செய்வர்? எம்பார் புதிதாக ஒன்றையும் புகுத்தவில்லை. பாசுரத்தில் உள்ளதையே முழுமையாகக் கண்டார். சொல்லை மட்டும் நோக்குவதற்கும் பாசுரம் முழுவதையும் நோக்குவதற்கும் உள்ள வேற்றுமை இது. நற்கருத்தைக் கண்டவுடன் தம் அபிநயத்தை மாற்றிக்கொண்ட அரையரின் பெருமையும் சிறிதன்று.

முத்துக்குறியைக் காண்பவருக்கு வேறொரு ஆயத்தம் வேண்டும். பிரிவாற்றாத மகளும், கலங்கும் தாயும், முத்துக்களைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியும் ஒரே அரையரின் நடிப்பில் மாறி மாறித் தோன்றுவர். வேடம் மாறுவதில்லை. அகத்துறையில் இன்னார் கூற்று இது என்று முன்பே அறிந்தவருக்கே இக்காட்சி சுவைக்கும். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் இன்றும் அரையர் சேவை நடைபெற்று வருகிறது.

இசைப் பகுதி சற்று வருத்தம் தருவது. நாதமுனிகள் நாலாயிரத்தையும் இசையோடு அமைத்து, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. பல தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்து, ஒலியைக் கொண்டே ஒவ்வொன்றின் எடையையும் அவர் உரைத்தார் என்றும் கூறுவர். செவியை எவ்வளவு கூர்மையாகப் பழக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அந்தப் பழைய பண்முறை இன்று முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. திருவாய்மொழிப் பழம்பதிப்புகளில் பதிகங்களின் தலைப்பில் பண்ணும் தாளமும் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சேவிக்கச் செல்வோர் முதல்நாள் இரவே மறுநாளைக்குரிய பதிகத்தைப் பதவுரையோடு ஒருமுறை வாசித்து, மூலப் புத்தகத்தையும் உடன் கொண்டு சென்றால், அரையரின் கை எச்சொல்லில் நிற்கிறது, எச்சொல்லுக்குத் திரும்பி வருகிறது என்பது தானே புலப்படத் தொடங்கும்.