ஒப்பிடலாமா? இளையராஜாவின் மூன்று இசைத்தொகுப்புகள்

கலைஞர் ஒருவரைப் போற்றுதல் எளிது. அவர் படைத்தவற்றுள் எது சிறந்தது, எது அதனினும் சற்றுக் குறைந்தது என்று காரணம் காட்டிக் கூறுதல் அரிது. போற்றுதற்கு அன்பு ஒன்றே போதும். ஒப்பிடுதற்கு அன்போடு பொறுமையும் நடுநிலையும் வேண்டும். நம் விடுதியில் இரவு உணவுக்குப்பின் நடைபெறும் இசை வாதங்களில் அன்புக்குப் பஞ்சம் இல்லை. இளையராஜாவின் பெயரை எடுத்த அளவிலேயே, "அவர் தொட்டதெல்லாம் பொன்" என்பர் ஒரு சாரார். "எல்லாம் எண்பதுகளோடு போயிற்று" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் தீர்ப்புகளே அன்றி ஆராய்ச்சி ஆகமாட்டா. ஆகவே, அவருடைய திரைப்படம் சாராத தொகுப்புகளுள் மூன்றை எடுத்து, ஓர் அளவுகோல் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பீடு ஏன்?

மேல்நாட்டில் நீண்ட வடிவங்களை விரும்பிய ராக் இசைக் குழுக்கள் சில 1960களின் பிற்பகுதியில் தோன்றின. 'யெஸ்' என்னும் ஆங்கிலக் குழு அவற்றுள் ஒன்று. அது 1972இல் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' என்னும் இசைத்தட்டில் மூன்றே பாடல்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிரப்பியது. மறு ஆண்டு வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' இரண்டு தட்டுகளாக விரிந்தது. நான்கு பக்கங்களுக்கு நான்கு பாடல்கள். முன்னது சிகரம் என்றும், பின்னது பொருளுக்கு மீறிய நீளம் என்றும் ஒரு சாரார் கூறுவர். பின்னதே துணிவு மிக்கது என்பர் மறு சாரார். அக்குழுவின் விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மன் பின்னதன்மேல் மனநிறைவு கொள்ளாது 1974இல் குழுவை விட்டே விலகினார். அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வழக்கு ஓயவில்லை. ஆயினும் அக்குழுவின் பெருமை அதனாற் குன்றியதுண்டோ? இல்லை. இரண்டு தட்டுகளையும் மக்கள் இன்னும் உற்றுக் கேட்கின்றனர் என்பதே அதன் பயன்.

நம்மிடையே நிலைமை வேறு. இதனை என் ஊரை வைத்தே விளக்குகிறேன். நான் பிறந்து வளர்ந்தது குமுளி. என் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரம் எங்கள் மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஊர். அவர் தமையனார் பாவலர் வரதராஜன், 1958ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர். ஆதலின் எங்கள் லயங்களில் இளையராஜா ஓர் இசையமைப்பாளர் மட்டும் அல்லர்; மலையேறி வந்தவர்களின் உறவினர் போன்றவர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பூசலால் குமுளிச் சாவடியில் போக்குவரத்து நின்றபோது நான் சிறுவன். அத்தகைய நாள்களில் "இவர் நம்மவர்" என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

ஆனால், ஆறுதலுக்காகப் பற்றிய பெயரைக் கொடியாக்கிவிட்டால், அதன்பின் யாரும் பாட்டைக் கேட்பதில்லை, கொடியைத்தான் வணங்குகின்றனர். குறை சொன்னவன் இனத்துக்குப் பகைவன் ஆகிவிடுகிறான். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்விடர் பிறரினும் மிகுதி. நிறையையும் குறையையும் ஒருங்கே ஆராய்ந்து மிகுந்ததைக் கொள்க என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி ஆட்களுக்கு மட்டும் அன்று, கலைக்கும் உரியதே.

அளவுகோல் யாது?

எங்கள் பக்கம் ஏலக்காயைத் தரம் பிரிக்கும்போது சல்லடையிட்டுப் பருமன் பார்ப்பர், நிறம் பார்ப்பர், அதனோடு நில்லாது, ஒரு லிட்டர் அளவுக் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் நிறுத்துப் பார்ப்பர். பருத்த காய் உள்ளே விதை முற்றாது இலேசாக இருத்தலும் உண்டு. சிறிய காய் கனத்து நிற்றலும் உண்டு. பருமன் வேறு, கனம் வேறு. இசைக்கும் இது பொருந்தும். இசைக்குழுவின் பெருக்கம், பதிவு செய்த நகரத்தின் புகழ் முதலியன பருமன். கனத்தை அறிய நான் மூன்று வினாக்களை வைத்துக்கொண்டேன்.

1. இத்தொகுப்பு எந்தச் சிக்கலைத் தீர்க்க முயல்கிறது?

2. எடுத்த இசைக்கரு வளர்கிறதா, அன்றி வேறொரு கருவுக்குத் தாவிவிடுகிறதா?

3. பல முறை கேட்டபின்னும் புதிதாக ஏதேனும் புலப்படுகிறதா?

'ஹவ் டு நேம் இட்' (1986)

தியாகராசருக்கும் (1767–1847) செர்மானிய இசைமேதை பாஹுக்கும் (1685–1750) படைக்கப்பட்ட தொகுப்பு இது. ஒருவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்தே மற்றவர் பிறந்தார். நிலத்தாலும் காலத்தாலும் சந்தித்திராத இருவரை ஒரே அறையில் அமர்த்தும் முயற்சி எனலாம். பத்து உருப்படிகள், வி. எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மை பெறுகிறது.

சிக்கல் யாது? நம் இராகம் ஒற்றை வழியில் ஓடுவது. கமகத்தால் சுரங்களை அசைத்தும் வளைத்தும் உயிர் பெறுவது. மேல்நாட்டு இசையோ பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி நிறுத்துவது. அடுக்கு நிற்க வேண்டுமாயின் சுரம் அசையாதிருத்தல் வேண்டும். இராகம் வாழ வேண்டுமாயின் சுரம் அசைதல் வேண்டும். இம்முரணை எவ்வாறு தீர்ப்பது?

இளையராஜா கண்ட வழி அறிவுக்கு விருந்தாவது. பாஹின் கலை அடுக்குக் கலை மட்டும் அன்று. பல இழைகளைப் பின்னும் கலை. 'ஃபியூக்' என்னும் வடிவத்தில் முதற்குரல் ஒரு சிறு தொடரைத் தனியே கூறும். இரண்டாம் குரல் அதே தொடரைப் பெரும்பாலும் ஐந்தாம் சுரத் தொலைவில் எடுத்துக் கூறும். அப்போது முதற்குரல் வாளா இராது. வேறொரு தொடரால் உடன்செல்லும். இவ்வாறு ஒவ்வோர் இழையும் தனக்கென ஒரு மெட்டாக ஓடுவதால், இராகம் அதனுள் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்னும் உருப்படி இதற்குச் சான்று. 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' என்பதிலோ, பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம் நாட்டு வயலின் தன் மொழியில் பேசத் தொடங்குகிறது. அடுத்த உருப்படியின் பெயரே 'பிறகு நாங்கள் உரையாடினோம்' என்னும் பொருளுடையது.

கருவியின் தேர்வும் பொருத்தமானது. வயலினின் விரற்பலகையில் மெட்டுக் கட்டைகள் இல்லை. ஆகவே விரல் நழுவும் இடமெல்லாம் சுரம். நிலையாகவும் நிற்கலாம், வழுக்கியும் செல்லலாம். மேல்நாட்டுக் கருவியாயினும் பாலுசுவாமி தீட்சிதர் காலம் முதல் நம் கச்சேரி மேடையில் அது குடியேறிவிட்டது. இரு நாட்டு மொழியும் அறிந்த ஒருவரைத் தூது விடுத்தது போன்றது இத்தேர்வு.

என் மூன்று வினாக்களுக்கும் இத்தொகுப்பு விடை தருகிறது. கேட்குந்தோறும் முன் கவனியாத ஓர் இழை காதில் விழுகிறது. வரிசையில் ஒன்பதாவது உருப்படியின் பெயர் 'ஒப்பிடாதே' என்று பொருள்படும் என்பதை நண்பர்கள் எனக்கு நினைவூட்டக் கூடும். அவ்வுருப்படியைக் கேட்டபின்னும் ஒப்பிடத்தான் தோன்றுகிறது!

'நத்திங் பட் விண்ட்' (1988)

காற்றன்றி வேறில்லை என்பது தலைப்பின் பொருள். இந்துத்தானிப் புல்லாங்குழல் மேதை அரிபிரசாத் சௌராசியா வாசிக்க, உடன் ஒரு பெரிய இசைக்குழு. ஐந்தே உருப்படிகள், அவற்றுள் ஒன்று மோட்சார்ட்டுக்கு அன்புரை.

இனிமையால் நோக்கின் மூன்றனுள் இதுவே முதலிடம் பெறும். மூங்கிற் குழலில் துளையைப் பாதி மூடிச் சுரத்தை வளைக்கும் நயத்தை இதில் மிகத் தெளிவாகக் கேட்கலாம். ஆயினும் கனம் பார்க்குமிடத்து ஒரு தளர்ச்சி தெரிகிறது. குழல் தன் மரபுப்படி ஆலாபனை போல் விரிய விரும்புகிறது. தந்திக் கருவிகளோ எழுதிய ஏட்டின்படி செல்கின்றன. ஆகவே பல இடங்களில் இருவரும் உரையாடுவதைவிட முறைவைத்துப் பேசுகின்றனர். ஒரு கரு வளர்ந்து முற்றுமுன் மற்றோர் அழகிய கரு வந்துவிடுகிறது. மலைப்பாதையில் வண்டியிலிருந்து காணும் காட்சிகள் போல ஒவ்வொன்றும் அழகு; ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதில்லை. இரண்டாம் வினாவில் இத்தொகுப்பு சற்றுத் தாழ்கிறது.

'திருவாசகம்' (2005)

மாணிக்கவாசகரின் 51 பதிகங்களிலிருந்து தேர்ந்த பகுதிகளை, அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடும் பாடகர் குழுவோடும் இணைத்த ஆறு உருப்படிகள். ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்கரான ஸ்டீபன் சுவார்ட்சு. பருமனில் இதற்கு இணை முன்னவற்றுள் இல்லை.

இதற்குச் 'சிம்பொனி' என்னும் பெயர் பொருந்துமா என்பது முதல் வழக்கு. பாட்டு இருப்பதனாலேயே பொருந்தாது என்பது சரியன்று. 1824இல் அரங்கேறிய பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலும் பாடகர் குழு உண்டு. ஆனால், தெய்வத் திருநூல் ஒன்றைத் தனிக்குரலாலும் குழுக்குரலாலும் பாடிச் செல்லும் வடிவத்துக்கு அங்கு 'ஓரட்டோரியோ' என்று பெயர். 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஆண்டெலின் 'மெசையா' அத்தகையது. இத்தொகுப்பும் அவ்வினத்தைச் சார்ந்ததே என்பது என் கருத்து.

பெயர் எதுவாயினும் ஆகுக, கனம் எப்படி? 'பொல்லா வினையேன்' என்னும் நீண்ட உருப்படியில் தமிழ்ப் பகுதியிலிருந்து ஆங்கிலப் பகுதிக்கு மாறும் இடங்களில் தையல் தெரிகிறது. இசைக்குழுவின் முழக்கம் சில இடங்களில் சொல்லை மூடிவிடுகிறது. உருகுதலே உயிரான நூலுக்கு முழக்கம் எப்போதும் துணையாவதில்லை. குரல் தனித்து நிற்கும் இடங்களிலோ கல்லும் கரையும். ஆக, மூன்றனுள் மிக உயர்ந்த கணங்களும் மிகத் தளர்ந்த கணங்களும் இதிலேயே உள்ளன.

இங்கே என் அளவுகோலின் எல்லையையும் கூறுதல் கடமை. ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தே முதுமை எய்திய என் பாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. பாஹ் என்பவர் யாரென அவர் அறியார். ஆனால் திருவாசக அடிகள் பலவற்றை இத்தொகுப்பைக் கேட்டே மனப்பாடம் செய்து, மாலையில் விளக்கேற்றும்போது சொல்லி வந்தார். வடிவம் தளர்ந்தது என்று நான் கூறும் தொகுப்பு அவருக்கு ஒரு நூலையே கொடுத்திருக்கிறது. இரண்டும் உண்மையே. வடிவத்தின் தரம் ஒன்று. மக்கள் வாழ்வில் அது செய்த பணி மற்றொன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் நேர்மையன்று.

கேளாதவை

1993இல் இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு பதிவு செய்யப்பட்ட சிம்பொனி வெளியிடப்படவில்லை. விந்தை என்னவெனில், விடுதி வாதங்களில் பலர் அதனையே முதலிடத்தில் வைக்கின்றனர். கேளாத இசையில் குறை காண்பார் யார்? 'வேலியன்ட்' என்னும் சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. அன்று அவருக்கு வயது 81. அந்த அரங்கில் நான் இருந்தேன் அல்லேன். எனவே அதுபற்றிய தீர்ப்பைக் கேட்டவர்க்கே விடுகிறேன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கட்டமைப்பில் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பு முதலிடமும், இனிமையில் 1988ஆம் ஆண்டுத் தொகுப்பு முதலிடமும், மக்கட் பயனில் 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு முதலிடமும் பெறும் என்பது என் முடிபு. மூன்றையும் ஒருசேர நிறுத்தால் முதலாவதே கனத்து நிற்கும். இதனை மறுப்போர் மறுக்கலாம். மறுப்பவர், எந்த உருப்படி, எந்த இடம் என்று சுட்டிக் காட்டினால் போதும். இம்முடிபால் இளையராஜா எங்கள் மலைக்கு உறவினர் அல்லர் என்று ஆகிவிடாது. உறவினரிடம் உண்மை பேசும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தும்போதுதான் உறவு என்னும் சொல்லுக்கும் பொருள் உண்டு.

நண்பர்களே, இம்மூன்று தொகுப்புகளையும் விளக்கணைத்து, பேச்சு நிறுத்தி, ஒரு வாரம் கேளுங்கள். பின்னர் வாதத்துக்கு வாருங்கள். அன்று நம் விடுதியில் குரல் சற்றுத் தாழ்ந்திருக்கும். பேச்சில் பொருள் மிகுந்திருக்கும்.