சோளகம் எழுமுன் வேப்பம்பூவைக் காயவையுங்கள்

தீவகத்துக்கான சித்திரை மாத ஆலோசனை

வருடப்பிறப்பு முடிந்துவிட்டது. ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளில் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நின்ற சூரியன் இப்போதுதான் சற்று வடக்கே விலகுகிறது. ஊர்காவற்துறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் வேம்பு பூத்து வளவெல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, ஆடி ஆவணியில் அதே பூவைக் கடையில் பக்கற்றாகக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் பெருகிவிட்டன. ஒரு வருட ரசத்துக்கும் வடகத்துக்கும் வேண்டிய பூவை இந்த மூன்று நான்கு கிழமைக்குள் சேர்த்தால்தான் உண்டு. வைகாசி பிற்பகுதியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் பாயில் பூவும் நிற்காது, நின்ற பூவும் மணல் கடிக்கும்.

தீவில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனாலும் இங்கே காய்ந்த பூ வன்னியில் காய்ந்த பூவைப்போல நெடுநாள் தாங்குவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். காரணம் உப்பு. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்பு பூவில் படிகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கரையோரத்து இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். பகல் முழுவதும் மொறுமொறுவென்று காய்ந்த பூவை இரவு முற்றத்திலேயே விட்டால், காலையில் அது துவண்டு கிடப்பது இதனால்தான். பின்வரும் ஆலோசனைகளில் பாதி இந்த உப்பைப் பூவில் அண்டவிடாமல் வைப்பதற்கே.

முதலில் பூவைச் சேர்ப்பது. முந்தின நாள் பின்னேரம் மரத்தின் கீழ் கூட்டித் துப்புரவாக்கி, பழைய சேலையையோ ஓலைப்பாயையோ விரித்துவிடுங்கள். விடியப்புறம் உதிர்ந்த பூ வெள்ளையாக, தேன் மணத்தோடு இருக்கும். வெயில் ஏறுமுன் அள்ளிவிட வேண்டும். மழையில் நனைந்து நிலத்தில் ஒட்டியதையும், ஏற்கெனவே பழுப்பேறியதையும் விட்டுவிடுங்கள். வேலணை, புங்குடுதீவுப் பக்கம் புகையிலை, வெங்காயத் தோட்ட வரம்புகளில் வேம்பு நிற்பதுண்டு. மருந்தடித்த கிழமையில் அந்த மரங்களின் கீழ்ப் பொறுக்க வேண்டாம். பூ ஊதா நிறமாக இருந்தால் அது மலைவேம்பு. மரத்துக்காக அண்மைக்காலத்தில் அதை நடுகிறார்கள். இலையைப் பார்த்து ஏமாறக்கூடும், ஆனால் அந்தப் பூ சமையலுக்கு ஆகாது.

அள்ளிய பூவைச் சுளகில் இட்டு மெல்லப் புடையுங்கள். மணல் கீழே தங்கும், இலைச்சருகு முன்னே பறக்கும், காம்பைக் கையால்தான் எடுக்க வேண்டும். நன்றாகப் புடைத்த பூவைக் கழுவத் தேவையில்லை. கழுவியே ஆகவேண்டுமென்றால் குடிக்கிற தண்ணீரில் ஒருதரம் அலசி உடனே வடித்துவிடுங்கள். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்புப் பூவிலேயே தங்கிவிடும். நெடுந்தீவில் நல்ல தண்ணீரின் அருமை தெரியாதவர் இல்லை. அதைப் பூவுக்குச் செலவழிக்கச் சொல்ல எனக்கும் மனமில்லை, ஆகவே சுளகையே நம்புங்கள்.

காயவைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடலைப் பார்த்த முற்றம் வேண்டாம், வீட்டுக்குப் பின்பக்கம், காற்று நேரே அடிக்காத இடம் நல்லது. நெடுந்தீவுக்காரருக்கு இதில் ஒரு வசதி. அங்கே வளவைச் சுற்றிப் பவளக்கல் அடுக்கிய வேலிகள் இருக்கின்றன. காற்று தென்மேற்கிலிருந்து வரத் தொடங்கும் நாட்களில் வேலியின் வடகிழக்குப் பக்கம் ஒதுக்காக இருக்கும். வேறு மாதமென்றால் வேலியடியில் நிழல் விழும் என்று யோசிக்க வேண்டும். சித்திரையில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் உச்சிவேளையில் அந்த நிழலும் இல்லை. கற்களில் ஏறிய சூடும் சேர்ந்து உதவும்.

பாயைச் சாக்குக் கட்டிலிலோ வாங்கிலோ உயர்த்தி விரியுங்கள். தகரத்தில் நேராகப் பரப்பினால் பூ காயுமுன் கருகும். ஒரு பூவின்மேல் இன்னொன்று கிடக்காதபடி ஐதாகப் பரப்பி, மேலே பழைய நுளம்புவலையை இழுத்துக் கட்டினால் காகமும் ஈயும் வராது, காற்றும் அள்ளாது. வலையின் ஓரங்களைக் கல் வைத்து அமர்த்துங்கள், இல்லாவிட்டால் ஆடு முந்திக்கொள்ளும். காலை எட்டு மணிக்குப் போட்டு, மூன்று மணிக்கு எடுத்துவிட வேண்டும். பின்னேரங்களில் சித்திரைச் சிறுமாரி சொல்லாமல் வரும். எடுத்த பூ சூடு ஆறியதும் மூடியுள்ள பாத்திரத்துக்குள் போக வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.

இரண்டு மூன்று வெயிலில் பூ காய்ந்துவிடும். வெள்ளை போய் வெளிர்பழுப்பு நிறம் வரும், அது குறையல்ல. கையில் அள்ளிப் பொத்தினால் சரசரக்க வேண்டும், விரலிடையில் தேய்த்தால் பொடியாக வேண்டும். இதிலும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஒரு பிடி பூவைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி, ஒரு மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். உட்புறத்தில் பனிபோலப் படிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

வைப்பதற்குக் கண்ணாடிப் போத்தல் அல்லது இறுகிய மூடியுள்ள பிஸ்கட் ரின். மெல்லிய பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிடுவதைக் கைவிடுங்கள், வண்டு துளைத்துவிடும். பெரிய போத்தல் ஒன்றைவிடச் சிறிய போத்தல்கள் நாலு நல்லது. ஒன்றைத் திறக்கும்போது மற்றவற்றுக்குள் ஈரக்காற்றுப் போகாது. அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்காதீர்கள், ஆவி அங்கேதான் போகிறது. கார்த்திகை மழை தொடங்குமுன் ஒரு நல்ல வெயிலில் எல்லாவற்றையும் மறுபடி காட்டி எடுங்கள். பூஞ்சணம் கண்டால் அந்தப் போத்தலை முழுதாகக் கொட்டிவிடுங்கள். மேலே உள்ளதை வழித்துவிட்டு மீதியைப் பொரிக்கலாம் என்பது தவறு. சில பூஞ்சண நஞ்சுகள் எண்ணெய்ச் சூட்டுக்கும் அழியாதவை.

வடகம் போடுபவர்களுக்கும் இதுவே நேரம். ஒரு சுண்டு உழுந்தை ஊறவைத்துத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, இரண்டு சுண்டு பூ, வெட்டிய செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், சீரகம் சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தட்டிப் போடுங்கள். தடித்த வடகம் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். ஒன்றை உடைத்துப் பார்த்து, நடுவும் காய்ந்திருந்தால் மட்டும் எடுத்து வையுங்கள். தீவகத்தில் உப்பை அரைவாசி குறைத்துப் போடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். உப்புக் கூடிய வடகம்தான் முதலில் கசியும்.

ஆவரசம்பூ வேறு முறை. காலையில் விரிந்ததைப் பறித்து, நேர் வெயில் படாமல் காற்றோட்டமுள்ள நிழலில் நாலைந்து நாள் உலர்த்துங்கள். வெயிலில் மஞ்சள் வெளிறிவிடும். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஆவரசுத் தேநீரை மருந்துக்குப் பதிலாகக் குடிக்க வேண்டாம், வைத்தியரிடம் கேட்டுக் குடியுங்கள்.

மரமில்லாத வீட்டார் கடையில் வாங்கும்போது பக்கற்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடியில் தூள் கூடுதலாக இருந்தாலோ, நூலாம்படை போலப் பூக்கள் ஒட்டி நின்றாலோ பூச்சி விழுந்த சரக்கு. கறுத்த பூ மழையில் நனைந்து காய்ந்தது. உற்பத்தித் திகதியைப் பார்த்து இவ்வருடப் பூ என்று உறுதிசெய்யுங்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு வரும் உறவினருக்குக் கொடுப்பதற்கென்று பலர் இப்போதே சேர்க்கிறார்கள். குறிகட்டுவான் படகில் கடல்நீர் தெறிக்கும் என்பதை மறக்காமல் ரின்னில் அடைத்துக் கொடுங்கள். அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் விமான நிலையத்தில் இதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவசரத்துக்குக் கொப்பை உலுப்பிப் பூவை விழுத்த வேண்டாம். மரத்தில் நிற்பதுதான் பின்னர் வேப்பங்கொட்டையாகித் தோட்டத்துக்கு மருந்தாகும். உதிர்ந்ததே போதும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு போத்தல் ஒரு வருடம் காணும். அதற்கு மேல் சேர்ப்பதில் பயனில்லை, வருடம் தாண்டிய பூவில் கசப்பு இருக்கும், மணம் இருக்காது.