பழைய வீடியோ கேம் பெட்டி: அடாப்டர் விற்கும் முன்

1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள் 1990-களில் இந்தியாவெங்கும் விற்றன. பரணிலிருந்து அவற்றை எடுத்துவந்து அடாப்டர் கேட்போர் இன்றும் உண்டு.

முதலில் கேசட்டின் 60 பின்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் சேரும்.

முனை பொருந்துகிறது என்று கைக்குக் கிடைத்த அடாப்டரைக் கொடுத்துவிடக் கூடாது. அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட், நடுமுனை மைனஸ். நகல்களில் இது மாறலாம். அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்தே விற்க வேண்டும். மாற்றிச் செருகினால் பெட்டியோடு நம் கடைப் பெயரும் போகும்!

உள்ளே 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும் கெபாசிட்டரும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கறுப்புப் பிசினால் மூடிய சிப் போனால் மாற்ற வழியில்லை. அத்தகைய பெட்டி நம் காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கு வந்தால், சுவிட்சுக்கும் ஜாய்ஸ்டிக்குக்குமாக வாங்கலாம். காயலான் விலைக்கு மேல் வேண்டாம்.